31 பேர் எங்கே போனாங்க? தீசிஸ் டேபிள்கள் பற்றி ஒரு நீண்ட இழை

போன வாரம் ஒரே ஒரு வரி போட்டிருந்தேன்: "கையால டைப் பண்ணின டேபிள் இருக்கிற தீசிஸை பல்கலைக்கழகம் வாங்கவே கூடாது." அதுக்கு வாங்கின திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல. "ஒரு டேபிளுக்கு இவ்ளோ சீனா டாக்டர்?"னு ஒருத்தர். நான் ரொம்ப மதிக்கிற சீனியர் ஒருத்தர், "டேபிள் போடுறது கிளார்க் வேலை தம்பி, நாம நோயாளியைப் பார்ப்போம்"னு எழுதியிருந்தார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்த இழை. நீளம்தான். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. டாக்டர் இல்லாதவங்களும் படிங்க, ஏன்னா இதுல அடிபடுறது நீங்கதான்.

நம்ம நாட்டில் எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு ஆய்வு செஞ்சு தீசிஸ் எழுதணும். வார்டுல வர்ற நோயாளிகளோட விவரத்தை ஒரு படிவத்துல எழுதி, அதை எக்செல்லில் ஏத்துவோம். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. அதுக்கு மாஸ்டர் சார்ட்னு பேரு. அந்த மாஸ்டர் சார்ட்டை அப்படியே யாரும் படிக்க முடியாது. 150 வரிசை, 60 பத்தி. அதைச் சுருக்கி, "இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பேர் பிழைச்சாங்க, இத்தனை பேர் இறந்தாங்க"னு போடுறதுதான் டேபிள். தீசிஸ்ல எல்லாரும் படிக்கிற பகுதி அது மட்டும்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பிஜி மாணவி தீசிஸைக் கொண்டுவந்து காட்டினா. அவ அனுமதியோடதான் எழுதுறேன். ஊரு, காலேஜ் எதுவும் கேட்காதீங்க. பாம்புக்கடி நோயாளிகள் 150 பேர். அட்மிஷன் போடும்போது ரத்தத்துல கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது, அதை வெச்சு யார் பிழைப்பாங்க, யார் இறப்பாங்கன்னு சொல்ல முடியுமா என்பது கேள்வி. நல்ல கேள்வி. கண்ணாடி விரியன் கடிச்சா கிட்னி கெடும், நமக்குத் தெரியும்.

"டேபிள் எல்லாம் கடையில போட்டுக் கொடுத்துட்டாங்க சார்"னா. காலேஜ் வாசல்ல இருக்குமே, தீசிஸ் டைப்பிங், அனாலிசிஸ், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டு, அந்த மாதிரிக் கடை.

அழகான டேபிள். நீலத் தலைப்பு, ஒன்னுவிட்டு ஒன்னு சாம்பல் கலர் வரிசை. முதல் டேபிள்ல மொத்தம் 150 பேர். அஞ்சாவது டேபிள், அதாவது கிரியாட்டினின் எவ்வளவு, முடிவு என்ன என்கிற டேபிள்: பிழைச்சவங்க 112, இறந்தவங்க 7. கீழ மொத்தம்னு போட்டு 100 சதவீதம்.

112-ம் 7-ம் 119. நான் கேட்டது ஒரே கேள்விதான். "மீதி 31 பேர் எங்கேம்மா?"

அவளுக்குத் தெரியல. கைடுக்குத் தெரியல. கடைக்காரருக்குப் போன் போட்டா, "மேடம், டேட்டா இருந்ததை வெச்சுத்தான் போட்டோம்"னுட்டார். ஆனா சுருக்க அத்தியாயத்துல, தடிமனான எழுத்துல என்ன இருக்கு தெரியுமா? "இந்த ஆய்வில் இறப்பு விகிதம் 5.9 சதவீதம்." 119-ல 7.

மாஸ்டர் சார்ட்டை நாங்களே ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து எண்ணினோம். உண்மையில் இறந்தவங்க 18 பேர். 150-ல 18, அதாவது 12 சதவீதம். காணாமப் போன 31 பேருக்கும் கிரியாட்டினின் பார்க்கவே இல்ல, அந்தக் கட்டம் காலி. அந்த 31-ல மட்டும் 11 பேர் இறந்திருக்காங்க.

இறப்பு விகிதம் பாதியாயிடுச்சு. யாரும் பொய் சொல்லல. யாரும் திருடல. டேபிளை அழகா அடிக்கிற நேரத்துல 11 சாவு கீழ விழுந்துடுச்சு.

எப்படி விழுந்துச்சுன்னு தேடினேன், ஏன்னா அங்கதான் நான் சொல்ல வர்ற விஷயமே இருக்கு. கடைக்காரர் எஸ்பிஎஸ்எஸ் என்கிற மென்பொருள்லதான் கணக்குப் போட்டிருக்கார். அந்த மென்பொருள் பாவம், உண்மையைச் சொல்லியிருக்கு. இப்படி ரெண்டு விஷயத்தைக் குறுக்கும் நெடுக்குமா வெச்சு டேபிள் கேட்டா, அது முதல்ல மேல ஒரு சின்னப் பெட்டி போடும்: கணக்குல சேர்ந்தது 119, விடுபட்டது 31. அதுக்குக் கீழதான் நிஜ டேபிள் வரும். கடைக்காரர் கீழ இருக்கிறதை மட்டும் வேர்டுல ஒட்டி, நீலக் கலர் அடிச்சுட்டார். மேல இருக்கிற பெட்டி பார்க்க நல்லா இல்ல பாருங்க.

ஆக, கணக்கு தப்பில்ல. தப்பு நடந்தது கணக்குக்கும் காகிதத்துக்கும் நடுவுல. சீனியர் சார் கிளார்க் வேலைனு சொன்னாரே, அந்த இடத்துல.

நான் யோக்கியன்னு நினைச்சுடாதீங்க. என் தீசிஸும் அலமாரியில இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்டுல கட்டம் கட்டமா டைப் பண்ணினது. பண்ணி முடிச்ச மறுநாள் கைடு சொன்னார், "இந்த ரெண்டு பேரும் வயசு வரம்புக்கு வெளிய இருக்காங்க, எடுத்துடு." எடுத்தேன். முதல் மூணு டேபிளைத் திருத்தினேன். நாலாவதை மறந்துட்டேன். இன்னிக்கும் அதுல 120 பேர், மத்ததுல 118. மூணு எக்ஸாமினர் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

அதைவிடக் கேவலம் ஒன்னு இருக்கு: என் தீசிஸ்ல நாலு இடத்துல "p = 0.000". எஸ்பிஎஸ்எஸ் மூணு தசம இடத்தோட நிறுத்திக் காட்டும், நான் அப்படியே பார்த்து எழுதிட்டேன். அந்த எண் பூஜ்யமாகவே இருக்க முடியாது, "0.001-க்கும் குறைவு"னுதான் எழுதணும். ஒரு தீசிஸ்ல p = 0.000 பார்த்தீங்கன்னா, யோசிக்காம பார்த்து எழுதினதுன்னு தெரிஞ்சுக்கலாம். இன்னொரு அடையாளமும் இருக்கு. "ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள்: 6 ± 9". சராசரியிலிருந்து அந்த ஒன்பதைக் கழிச்சுப் பாருங்க. மைனஸ் மூணு நாள் எந்த ஆஸ்பத்திரியில அட்மிட் பண்றாங்க?

சரி, வேற வழி என்ன?

ஆர் என்று ஒரு மென்பொருள். ஒரே எழுத்துதான் பேரு. 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற ரெண்டு பேர் உருவாக்கினது. காசு கிடையாது. கள்ளக் காப்பி தேட வேண்டியதும் இல்ல. இதுல மாஸ்டர் சார்ட்டை நீங்க தொடவே மாட்டீங்க. என்ன செய்யணும்னு சில வரி எழுதி வைப்பீங்க, அதுக்கு ஸ்கிரிப்ட்னு பேரு. "இந்தக் கோப்பைத் திற. 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களை எடு. பிழைச்சவங்க, இறந்தவங்கன்னு பிரி. டேபிள் போடு." அவ்வளவுதான். அது டேபிளைக் கட்டம், தலைப்பு, அடிக்குறிப்போட நேரா வேர்டு கோப்பாவே கொடுத்துடும். நடுவுல ஒரு எண்ணைக் கூட மனுஷன் கை தொடாது.

இதுக்குன்னே ஜிடி-சம்மரினு ஒரு தொகுப்பு இருக்கு. அதுல டேபிள் போடுற கட்டளை ஒரு வரி. அந்த ஒரு வரியில எனக்குப் பிடிச்ச விஷயம் இது: ஒரு பத்தியில காலிக் கட்டம் இருந்தா, நீங்க கேட்காமலே கீழ ஒரு வரிசை போட்டு "தெரியவில்லை: 31"னு எழுதிடும். காலி இருக்குன்னு சொல்றதுதான் அதோட இயல்பு. மறைக்கணும்னா நீங்க மெனக்கெட்டு இன்னொரு வார்த்தை சேர்த்து எழுதணும். கடை டேபிள்ல அப்படியே தலைகீழ்: மறைஞ்சு போறது தானா நடக்கும், காட்டத்தான் மெனக்கெடணும்.

சாஸ், ஸ்டேட்டா மாதிரி காசு கொடுத்து வாங்குற மென்பொருள்களும் இதைச் செய்யும். எனக்கு அதுல சண்டை இல்ல. ஏன், எஸ்பிஎஸ்எஸ்ஸிலேயே கட்டளையா எழுதி வைக்கிற வசதி இருக்கு, யாரும் தொடுறதில்ல. மென்பொருள் எதுவா இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல. எண் மாஸ்டர் சார்ட்டிலிருந்து காகிதத்துக்கு நடந்து வந்த பாதை எழுத்துல இருக்கணும், அதான் என் கோரிக்கை.

இன்னொரு பொறி, இது உங்க வாட்ஸ்அப்புக்கே வர்றது. ஒரு கற்பனைக் கணக்கு. பாம்பு கடிச்சு வந்தவங்க 300 பேர். அதுல 200 பேர் கயித்தால இறுக்கிக் கட்டுப் போட்டு வந்தாங்க, 100 பேர் போடல. இறந்தது 30 பேர்: கட்டுப் போட்டவங்கள்ல 20, போடாதவங்கள்ல 10. இப்போ டேபிள்ல சதவீதத்தை நெடுக்க போட்டா என்ன வரும்? "இறந்தவர்களில் 67 சதவீதம் பேர் கட்டுப் போட்டவர்கள்." பயங்கரமா இருக்குல்ல? குறுக்க போடுங்க: கட்டுப் போட்டவங்கள்ல 200-க்கு 20, பத்து சதவீதம். போடாதவங்கள்ல 100-க்கு 10, அதுவும் பத்து சதவீதம். வித்தியாசமே இல்ல.

(இறுக்கிக் கட்டுப் போடாதீங்க. அது வேற காரணங்களுக்காக. கடிபட்ட கை காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

ஒரே எண்கள்தான். நெடுக்கவா குறுக்கவா என்கிற ஒரு தீர்மானம், செய்தியையே மாத்திடுது. ஸ்கிரிப்ட்ல அது ஒரே ஒரு வார்த்தை, யார் வேணா படிச்சு "ஏன் இப்படிப் போட்டே?"ன்னு கேட்கலாம். கடை டேபிள்ல அதை யார் தீர்மானிச்சது? எந்தப் பக்கம் இடம் இருந்ததோ அந்தப் பக்கம் போட்டிருப்பார். "இறந்தவர்களில் இத்தனை சதவீதம் பேர்"னு ஆரம்பிக்கிற எந்த ஃபார்வர்டு வந்தாலும், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

"இதெல்லாம் பிஜி பசங்க பிரச்சினை, பெரிய இடத்துல நடக்காது"னு ஒருத்தர் எழுதியிருந்தார். பெரிய இடம்தானே, பார்ப்போம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம். ஒரு புற்றுநோய்க் கட்டியின் மரபணுக்களைப் பார்த்து, அந்த நோயாளிக்கு எந்தக் கீமோ வேலை செய்யும்னு முன்கூட்டியே சொல்ல முடியும்னு 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. உலகமே கொண்டாடியது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் டாக்டர்கள் இதை நம்மளும் பயன்படுத்தலாமான்னு கேட்க, அங்கிருந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற ரெண்டு புள்ளியியலாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. வரல. ஏன் வரலன்னு தோண்டினாங்க. என்ன கிடைச்சது தெரியுமா? மரபணுப் பட்டியல் ஒரு வரிசை கீழ இறங்கியிருந்தது. ஒவ்வொரு எண்ணும் பக்கத்து மரபணுவோட பேருக்கு எதிர்ல. இன்னும் சில இடங்கள்ல, மருந்துக்குக் கட்டுப்படும், கட்டுப்படாது என்கிற ரெண்டு பட்டியும் இடம் மாறியிருந்தது. அதாவது, வேலை செய்யாத மருந்தையே தேடிப் பிடிச்சுக் கொடுக்கிற மாதிரி.

இதை வெச்சு நிஜ நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் பரிசோதனைகள் அங்கே நடந்துகொண்டிருந்தன. அவங்க ரெண்டு பேரும் 2009-ல் எல்லாத்தையும் விவரமா வெளியிட்டாங்க. பரிசோதனைகளை நிறுத்தினாங்க, திரும்ப ஆரம்பிச்சாங்க, கடைசியா 2010-ல்தான் முழுசா நின்னது. ஆய்வாளர் வேண்டுமென்றே தரவைத் திரித்திருக்கிறார் என்று 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவுக்கு வந்தது. கவனிங்க, தெரியாம செஞ்ச தப்பும் தெரிஞ்சே செஞ்ச தப்பும் வெளிய இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. எண் வந்த பாதை எழுத்துல இல்லாத இடத்துல, திருடனும் தூங்குமூஞ்சியும் ஒரே போர்வைக்குள்ள இருப்பாங்க.

இன்னொன்னு, நாம எல்லாரும் வாழ்ந்த காலத்துல. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்குல வரவே இல்ல. காரணம், பழைய எக்செல் கோப்பு வடிவம். அதுல 65,536 வரிசைக்கு மேல நிக்காது, மிச்சம் சத்தமில்லாம வெட்டுப்பட்டுடும். அந்த 15,841 பேரோட தொடர்பில் இருந்தவங்களைத் தேடுறதும் தாமதமாச்சு. மரபணுப் பேர்களை எக்செல் தேதியா மாத்துற கதையைக் கேட்டா சிரிப்பீங்க: செப்ட்-2 என்று ஒரு மரபணு, எக்செல்லில் போட்டா செப்டம்பர் 2. மென்பொருளோட சண்டை போட முடியாம, 2020-ல் மரபணுக்களுக்கே பேரை மாத்திட்டாங்க.

இப்போ என்னைத் திட்டினவங்க கேட்ட நியாயமான கேள்விகளுக்கு வர்றேன்.

"நேரம் எங்க இருக்கு?" ஒத்துக்கிறேன். 36 மணி நேர டூட்டி முடிச்சு வர்ற பிள்ளைகிட்ட புதுசா ஒன்னு படின்னு சொல்றது கொடுமைதான். ஆனா கணக்குப் பாருங்க. கைடு "ரெண்டு பேரை எடு"ன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் கையால திருத்துறவங்களுக்கு ஒரு ராத்திரி போகும். ஸ்கிரிப்ட் வெச்சிருக்கிறவங்க ஒரு வரியை மாத்தி ஓட விட்டா, பதினஞ்சு டேபிளும் சேர்ந்து மாறும். நான் இதை நாப்பது வயசுக்கு மேல, ஆறேழு ஞாயித்துக்கிழமையில கத்துக்கிட்டேன். எனக்கு கம்ப்யூட்டர்னா கேண்டி கிரஷ்தான் தெரியும்.

"ஸ்கிரிப்ட்லயும் தப்பு வருமே?" வரும். எனக்கே வந்திருக்கு. வயசு தெரியாதவங்களுக்கு 999னு போட்டு வெச்சிருந்தாங்க, நான் பார்க்காம ஓட்டிட்டேன், சராசரி வயசு 71னு வந்தது. பிரசவ வார்டுல! ஆனா அந்தத் தப்பு எந்த வரியில இருக்குன்னு காட்ட முடிஞ்சது. என் ஜூனியர்தான் கண்டுபிடிச்சான். வேர்டுல தப்பா டைப் பண்ணின எண்ணை எந்த ஜூனியராலயும் கண்டுபிடிக்க முடியாது.

"புள்ளியியலாளர் எதுக்கு இருக்காங்க?" நல்ல புள்ளியியலாளர் கிடைச்சா கால்ல விழுந்து கூடவே வெச்சுக்கோங்க. ஆய்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போங்க. நான் குறை சொல்றது கடையை. அந்தக் கடைக்காரரையும் முழுசா குறை சொல்ல மாட்டேன். வாங்குறவங்க நீலக் கலர் கேட்டாங்க, அவர் நீலக் கலர் கொடுத்தார்.

"இப்போதான் ஏஐ இருக்கே?" இருக்கு. ஸ்கிரிப்ட் எழுதித் தரச் சொல்லுங்க, நல்லாவே எழுதும். நோயாளிகளோட விவரத்தை அதுல கொட்டி "டேபிள் போட்டுக் கொடு"ன்னு மட்டும் கேட்காதீங்க. அது இன்னொரு கடை, அவ்வளவுதான்.

பொதுமக்கள் உங்களுக்கும் ஒரு சின்னக் கருவி தர்றேன், போன் கால்குலேட்டர் போதும். நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ரெண்டு பேர் 2016-ல் சொன்ன வழி. 25 பேர்கிட்ட "வலி எவ்வளவு, ஒன்னிலிருந்து பத்துக்குள் சொல்லுங்க"ன்னு கேட்கிறோம். எல்லாரும் முழு எண்தான் சொல்வாங்க. கூட்டி 25-ஆல் வகுத்தா, சராசரி 0.04, 0.04-ஆ தான் ஏறும். 3.44 வரும், 3.48 வரும். 3.45 வரவே வராது. டேபிள்ல 3.45னு இருந்தா, எங்கேயோ யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க. இந்தச் சோதனை போட முடிஞ்ச 71 உளவியல் கட்டுரைகளை அவங்க பார்த்ததில், ஏறக்குறைய பாதியில் நடக்கவே முடியாத சராசரி ஒன்றாவது இருந்தது.

என் கோரிக்கை சின்னது. தீசிஸோட பின்னிணைப்புல மாஸ்டர் சார்ட் ஏற்கெனவே வைக்கிறோம். அதுக்குப் பக்கத்துல டேபிள் போட்ட ஸ்கிரிப்டையும் வைக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கம் கூட வராது. எக்ஸாமினர் ஓட்டிப் பார்க்கட்டும். டேபிள் அதே மாதிரி வரலன்னா திருப்பி அனுப்பட்டும்.

இப்போ அந்த 31 பேர். மாணவி ரெக்கார்டு ரூம்ல நாலு நாள் உட்கார்ந்து அத்தனை கேஸ் ஷீட்டையும் எடுத்தா. இறந்த 11 பேர்ல 9 பேர் ராத்திரி 10 மணிக்கு மேல வந்தவங்க. நிறையப் பேர் வீட்டுல தரையில படுத்துத் தூங்கினவங்க. கடிச்சதே தெரியல, வயித்து வலின்னு எழுந்திருக்காங்க, கொஞ்ச நேரத்துல கண் இமை தூக்க முடியல, வர்ற வழியிலேயே மூச்சு நின்னுடுச்சு. கட்டுவிரியன். ரத்தம் எடுத்து அனுப்புறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கு, அதனாலதான் கிரியாட்டினின் கட்டம் காலி. அவங்க போனது கிட்னியால இல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்த நேரத்துல விஷமுறிவு மருந்தும், ஆம்பு பை அழுத்த ஒரு ஆளும் இருந்திருந்தா, சிலராவது பிழைச்சிருப்பாங்க. 5.9 சதவீதம்னு எழுதின தீசிஸைப் படிச்சு எந்த அதிகாரி ராத்திரிக்கு ஆள் போடுவார்?

புது டேபிளை ஸ்கிரிப்ட்ல போட்டா. "தெரியவில்லை" என்கிற வரிசை: பிழைச்சவங்க 20, இறந்தவங்க 11. கைடு பார்த்துட்டு, "இந்த வரிசை வேணாமே, டேபிள் அசிங்கமா இருக்கு"ன்னாராம். ராத்திரி எனக்குப் போன். "சார், அதை மறைக்க ஒரு ஆப்ஷன் இருக்கு. 'மிஸ்ஸிங் = நோ'ன்னு போட்டா போயிடும். போடட்டுமா?"

"போடு. ஆனா ஸ்கிரிப்ட்ல அந்த வார்த்தை நிக்கும். பின்னிணைப்புல எல்லாரும் படிப்பாங்க. யார் மறைச்சா, எதுக்கு மறைச்சான்னு வைவால கேட்டா பதில் வெச்சுக்கோ."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்போ போடல சார்"னா.

அடுத்த மாசம் வைவா. பேர் மறைச்ச 31 கேஸ் ஷீட்டோட ஜெராக்ஸும் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கா.